அறுபத்தொன்றாவது பெயர்

அத்தியாயம் 9

துர்கா அன்றைக்குக் கண் விழிக்கும்போதே எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஒன்றாம் வகுப்பில் பதினான்கு. இரண்டாம் வகுப்பில் பதினொன்று. மூன்றில் ஒன்பது, நான்கில் பன்னிரண்டு, ஐந்தில் பதினான்கு. எப்படிக் கூட்டினாலும் அறுபதுதான் வந்தது. போர்வையை மடித்துக்கொண்டே இன்னொரு தடவை கூட்டினாள். அறுபதேதான்.

போன சனிக்கிழமை வரை அது அறுபத்திரண்டாக இருந்தது. ஏரியை ஒட்டி எழும்பிய அடுக்குமாடிக்குச் சாரம் பிரித்த மறுநாளே ஒரு லாரி வந்தது. ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்த்த கொத்தனார் குடும்பங்களைப் பாத்திரம் பண்டத்தோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நான்காம் வகுப்பு லிப்சாவும், அவள் தங்கை ஒன்றாம் வகுப்பு பூஜாவும் அதில் போனார்கள். திங்கட்கிழமை காலைச் சாப்பாட்டு வரிசை முடிந்தபோது இரண்டு தட்டுகள் மிச்சமாக இருந்தன. அப்போதுதான் துர்காவுக்கே விஷயம் தெரிந்தது.

மாடம்பாக்கம் தாண்டி, ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது வேங்கைமேடு. அங்கே ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிக்கு அவள் தலைமை ஆசிரியை. ஆகஸ்ட் முதல் தேதி ஒரு பள்ளியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அந்தக் கணக்கை வைத்துத்தான் அங்கே எத்தனை ஆசிரியர்கள் என்று தீர்மானிப்பார்கள். அறுபது வரைக்கும் இரண்டு பேர். அறுபத்தொன்று என்றால் மூன்று பேர். ஒரே ஒரு பிள்ளையின் வித்தியாசம். அந்த ஒரு பிள்ளை இல்லாவிட்டால் கடைசியாக வந்து சேர்ந்த ஜெரூஷா டீச்சர் 'உபரி' ஆகிவிடுவாள். மாவட்டத்தின் எந்த மூலையில் இடம் காலியோ அங்கே அனுப்பிவிடுவார்கள். ஐந்து வகுப்புகளை துர்காவும் பாலகுரு சாரும் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இன்று ஜூலை முப்பத்தொன்று, வியாழக்கிழமை. நாளைக் காலை பத்து மணிக்கு வட்டாரக் கல்வி அலுவலர் சிட்டிபாபு நேரிலேயே வந்து தலையை எண்ணுவதாகச் சொல்லியிருக்கிறார்.

"எதுக்குக் காலைலயே கூண்டுல அடைச்ச புலி மாதிரி நடந்துட்டே இருக்க? உக்காந்து காபியக் குடி" என்றான் அவள் கணவன் மகேஷ்.

மெயின் ரோட்டில் அவனுக்கு பெயிண்ட் கடை. அவன் அப்பா காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலமெல்லாம் இப்போது மனைகளாகி, மனைகள் வீடுகளாகி, அந்த வீடுகளுக்கெல்லாம் மகேஷின் கடையிலிருந்துதான் பெயிண்ட் போகிறது. வேங்கைமேட்டின் பூர்வீகக் குடும்பங்களில் அவர்களுடையதும் ஒன்று.

"ஒரு பிள்ளைதாங்க குறையுது. ஒரே ஒரு பிள்ளை."

"கிடைக்கலன்னா விடேன். நீயா போய் பெத்துட்டு வர முடியும்?"

உள்ளே இருந்து நிஷா ஓடி வந்தாள். நீலப் பாவாடை, கோடு போட்ட டை, சட்டைப் பையில் வகுப்புத் தலைவி என்று எழுதிய பட்டை. தாம்பரத்தில் தனியார் பள்ளியில் நான்காம் வகுப்பு. ஏழு நாற்பதுக்குத் தெருமுனையில் வேன் வந்து நிற்கும்.

"அம்மா, டை கோணலா இருக்கா?"

துர்கா மண்டியிட்டு டையைச் சரிசெய்தாள். கை தன்பாட்டில் வேலை செய்தது. மனது மட்டும் பன்னிரண்டும் பதினான்கும் கூட்டிக்கொண்டிருந்தது. வேன் ஹாரன் கேட்டதும் நிஷா பறந்தாள். அம்மன் கோயிலில் ஆடி மாதத்துக்குக் கட்டிய ஒலிபெருக்கி அப்போதுதான் தொண்டையைச் செருமிக்கொண்டு பாட ஆரம்பித்தது.

*

பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனை முடிந்ததும் துர்கா கைப்பேசியில் வருகைப் பதிவைத் திறந்தாள். பாலகுரு சார் ஏற்கெனவே போட்டுவிட்டிருந்தார்.

வருகை: அறுபத்திரண்டு.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். லிப்சாவின் பெயருக்கு நேராகப் பச்சை. பூஜாவின் பெயருக்கு நேராகவும் பச்சை. இன்றைக்கு மட்டுமில்லை; திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் பச்சை.

"சார், இது என்ன?"

பாலகுருவுக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். முப்பத்து நான்கு வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்காதவர். அவர் மேசையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பிள்ளைங்க டி.சி. கேட்டாங்களா டீச்சர்? கேக்கல. அப்ப நம்ம பிள்ளைங்கதானே? நாளைக்கு மட்டும் அம்மை போட்டிருக்குன்னு சொல்லிக்கலாம். ஆடி மாசம், யாரு போய்ப் பாக்கப் போறாங்க? கணக்கு முடிஞ்சதும் அடுத்த வாரம் பேரை எடுத்துடலாம்."

"பொய் வருகை போட்டிருக்கீங்க."

"ஆமா, போட்டேன்." அவர் குரல் தணிந்தது. "நானும் நீங்களும் அஞ்சு கிளாஸையும் ஓட்டினா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். ஒருத்தர் ஆஃபீஸ் வேலைக்குப் போனா, இன்னொருத்தர் அறுபது பிள்ளைங்கள மேய்க்கணும். பாடமா நடக்கும்? அந்தப் பொண்ணு ஜெரூஷா வந்தப்பறம்தான் ஒண்ணாங்கிளாஸ் பதினாலு ஆச்சு. அதுக்கு முன்னாடி எத்தனைன்னு ஞாபகம் இருக்கா? அஞ்சு."

ஞாபகம் இருந்தது. அவர் சொன்னதில் பாதி நியாயம். அந்தப் பாதி நியாயம் அவளை நிற்க விடாமல் பண்ணியது. வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தாள்.

ஒன்றாம் வகுப்பில் ஜெரூஷா பேருந்து விளையாட்டு நடத்திக்கொண்டிருந்தாள். அட்டையில் ஊர்ப் பெயர்கள், மேலே தமிழ், கீழே ஆங்கிலம். ஒரு பெண் குழந்தை கழுத்தில் பையை மாட்டிக்கொண்டு கண்டக்டராகியிருந்தது.

"வேர் டு யூ வான்ட் டு கோ?"

"பல்லாவரம், ப்ளீஸ்!"

"இதுல பல்லாவரம் எது? எடுத்துக் குடு, அப்பத்தான் டிக்கெட்."

குழந்தை சரியான அட்டையை உருவியது. வகுப்பே கைதட்டியது. ஜெரூஷா நிமிர்ந்து துர்காவைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தாள். பல்லாவரத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். ஒரு வயதுக் குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறாள்.

"அக்கா, நாளைக்கு சார் வரும்போது நான் கிளாஸ் எடுத்துட்டே இருக்கட்டுமா? இல்ல, சும்மா நிக்கணுமா?"

"ஏன் அப்படிக் கேக்கற?"

"போகப் போறோம்னா இந்த வாரமே எழுத்து எல்லாத்தையும் முடிச்சுடலாம்னு பாக்கறேன். பாதில விட்டுட்டுப் போனா மறந்துடுவாங்க." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு சரியாக வரவில்லை. "எனக்காக யார்கிட்டயும் கெஞ்சாதீங்க அக்கா."

துர்கா அறைக்கு வந்து, லிப்சாவின் அப்பா கொத்தனார் ரஞ்சித்தின் எண்ணைத் தேடினாள். பிள்ளைகள் நிஜமாகவே திரும்பி வரப்போகிறார்களா என்று கேட்டுவிட வேண்டும். வருவோம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். பாலகுரு சார் போட்ட பச்சையைப் பார்த்தும் பாராமல் இருந்துவிடலாம். அப்படி ஒரு ஆசை தனக்குள் இருப்பதை அவள் வெட்கத்தோடு கவனித்தாள்.

நாலாவது மணியில் எடுத்தான். பின்னால் கான்கிரீட் மிஷின் இரைந்தது.

"டீச்சர் வணக்கம்! நானே போன் பண்ணணும் நினைச்சேன். இப்ப ஒரகடம்ல இருக்கோம்."

"திரும்பி வருவீங்களா ரஞ்சித்?"

"இல்ல டீச்சர். இங்க வேலை ரெண்டு வருஷம் இருக்கு. இங்க ஸ்கூல் பக்கம்தான். கூட்டிட்டுப் போனேன். நல்லா பேசறாங்க. ஆனா பேர் ஏத்த முடியல சொல்றாங்க."

"ஏன்?"

"பேர் உங்க கம்ப்யூட்டர்ல இருக்காம். நீங்க விட்டாத்தான் இவங்க எடுக்க முடியுமாம். தினமும் ஸ்கூலுக்கு வருதுன்னு காட்டுதாம். எப்படி டீச்சர்? பிள்ளைங்க இங்க மணல் மேல விளையாடிட்டு இருக்கு."

துர்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அவங்ககிட்ட மதியத்துக்கு மேல பாக்கச் சொல்லுங்க" என்றாள். "பேரை விட்டுடறேன்."

"லிப்சா பேசணுமாம் டீச்சர்."

"டீச்சர்" என்றது சின்னக் குரல். "என் கணக்கு நோட்டு அங்க இருக்கு. பின்னாடி மூணு பக்கம் காலி. தூக்கிப் போட்டுடாதீங்க."

"பத்திரமா வச்சிருக்கேன்டா."

போனை வைத்துவிட்டு அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பாலகுரு கதவோரம் வந்து நின்றார். அவர் காதிலும் விழுந்திருந்தது. துர்கா முதலில் நான்கு நாள் பொய் வருகையைத் திருத்தச் சொல்லி அலுவலகத்துக்கு விளக்கக் கடிதம் ஒன்றை டைப் செய்தாள். தவறு என் பொறுப்பில் நடந்தது என்றுதான் எழுதினாள். பாலகுருவின் பெயரை எழுதவில்லை. பிறகு லிப்சாவின் பக்கத்தைத் திறந்தாள். 'பொதுப் பட்டியலுக்கு மாற்று.' காரணம்: குடும்பம் இடம்பெயர்ந்தது. உறுதியா என்று கேட்டது. அழுத்தினாள். அடுத்து பூஜா. அழுத்தினாள்.

திரையின் மேல் ஓரத்தில் அறுபத்திரண்டு அறுபதாயிற்று.

"என் பேரைப் போட்டிருக்கலாமே டீச்சர்" என்றார் பாலகுரு.

"ரெண்டு வருஷத்துல ரிடையர் ஆகப் போறீங்க. மெமோ வந்தா எனக்கு வரட்டும்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

*

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் துர்கா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். சாப்பிடத் தோன்றவில்லை. ஜூன் மாதத்தில் வீடு வீடாகப் போய் எழுதி வைத்த பட்டியலில் இன்னும் அடிக்காமல் இருந்தது ஒரே ஒரு பெயர். விஷ்ணுப்ரியா, இரண்டாம் வகுப்பு, ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறாள்.

அவளுடைய அம்மா கன்னியம்மா கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து வேங்கைமேட்டுக்குக் குடிவந்தவள். புருஷன் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். விடியற்காலையில் கடற்கரைக்குப் போய் மீன் எடுத்து வந்து பால்வாடி முனையில் கூடை போடுவாள். மத்தியானத்துக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். துர்கா போனபோது வாசலில் கூடையைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா டீச்சர், இந்த வெயில்ல வந்துகிறீங்க? உள்ள வாங்க. தண்ணி குடிக்கிறீங்களா?"

"கன்னியம்மா, ஜூன்லயே கேட்டேன். இப்பவும் அதையேதான் கேக்க வந்தேன். விஷ்ணுப்ரியாவ நம்ம ஸ்கூல்ல சேத்துடேன். காலையில சாப்பாடு, மதியம் சாப்பாடு. ஜெரூஷா டீச்சர் இங்கிலீஷ் அவ்ளோ நல்லா சொல்லித் தர்றாங்க. வேணும்னா நீயே வந்து ஒரு நாள் கிளாஸ்ல உக்காந்து பாரு."

"ஜெரூஷா டீச்சர் நல்லாத்தான் சொல்லித் தராங்கோ. பக்கத்து வூட்டுப் பசங்க பேசறத கேட்டுகினுதான் கீறேன்." கன்னியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணு கேட்டா கோச்சிக்க மாட்டீங்களே?"

"கேளு."

"உங்க பொண்ணு எந்த இஸ்கூல்ல படிக்குது?"

துர்கா குடையை மடக்கினாள். மடக்கிய குடையை மறுபடி விரித்தாள்.

"தாம்பரத்துல."

"அந்த மஞ்ச வேன்ல போவுதே, டை கட்டிகினு. டெய்லி பாக்கறேன். அழகா கீது." அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால்கூட துர்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நான் விக்கிற மீன நானும் வூட்டுக்கு எடுத்துனு வந்து கொழம்பு வெக்கிறேன் டீச்சர். அத்தப் பாத்துட்டுத்தான் தெருவுல நாலு பேரு நம்பி வாங்கறாங்கோ. உங்க இஸ்கூலு நல்ல இஸ்கூலுன்னு சொல்றீங்கோ. உங்க பொண்ண மட்டும் அங்க வுட மாட்டேன்றீங்கோ. அப்ப நான் இன்னான்னு நம்பறது?"

"அவ முன்னாடியே அங்க சேந்துட்டா, கன்னியம்மா. அதான்..."

"எம் பொண்ணும்தான் முன்னாடியே சேந்துகிச்சு."

கன்னியம்மாவே கொஞ்சம் இளகினாள்.

"பேஜார் பண்றேன்னு நெனைக்காதீங்க. உங்க பொண்ண நீங்க சேருங்கோ. மறு நிமிசம் எம் பொண்ண கையப் புடிச்சு இட்டாந்து வுடறேன். இது சத்தியம்."

திரும்பி நடந்தபோது தார்ச்சாலை கொதித்தது. குடை கையில் இருந்தும் துர்கா அதைத் தலைக்கு மேல் பிடிக்கவில்லை.

மத்தியானம் முழுக்க அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தப் போய், பலகையில் ஒரு கோடு கிழித்துவிட்டு அதற்கு மேலே என்ன எழுத வந்தோம் என்று மறந்து நின்றாள். பிள்ளைகள் காத்திருந்தார்கள். நிஷாவை மூன்று வருஷத்துக்கு முன்னால் தாம்பரத்தில் சேர்த்த நாள் ஞாபகம் வந்தது. அன்றைக்குத்தான் இந்தப் பள்ளிக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு ஆணையும் வந்தது. இரண்டையும் ஒரே பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அப்போது அது உறுத்தவே இல்லை.

என் பெண்ணை ஒரு எண்ணிக்கையாக்கலாமா? அவளுக்கென்று சிநேகிதிகள் இருக்கிறார்கள். வகுப்புத் தலைவிப் பட்டை இருக்கிறது. அதையெல்லாம் பறித்துக்கொண்டு வரவேண்டுமா? அப்படியானால் கன்னியம்மாவின் பெண் மட்டும் எண்ணிக்கையா? ஒரு கேள்வி முடிவதற்குள் அடுத்தது வந்து முட்டியது.

நாலு மணி அடித்தபோது அவள் முடிவு செய்துவிட்டிருந்தாள். அல்லது, முடிவை வீட்டில் சொல்லிப் பார்ப்பது என்ற அளவுக்காவது வந்திருந்தாள்.

*

மகேஷ் ஆறு மணிக்குக் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு டீ குடிக்க வீட்டுக்கு வருவான். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு துர்கா நின்றபடியே சொன்னாள்.

"நிஷாவ நம்ம ஸ்கூல்ல சேக்கலாம்னு பாக்கறேங்க."

"நம்ம ஸ்கூல்னா?"

"என் ஸ்கூல். நீங்க படிச்ச ஸ்கூல்."

மகேஷ் முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஒரு தலை குறையுதுன்னு என் பொண்ணத் தூக்கி அங்க போடுவியா? உன் ரெஜிஸ்டர்ல இடத்தை ரொப்பறதுக்கா அவ இருக்கா?"

"நானும் மத்தியானம் பூரா அதைத்தான் கேட்டுக்கிட்டேன்."

"கேட்டுக்கிட்டு? பதில் கிடைச்சுதா?"

"கன்னியம்மா என்ன கேட்டான்னா..."

"யாரு, மீன் விக்கிற கன்னியம்மாவா? அவ கேட்டா நீ செஞ்சுடுவியா?" அவன் எழுந்துவிட்டான். "துர்கா, அந்த ஸ்கூலப் பத்தி எனக்குச் சொல்லாத. அஞ்சு வருஷம் அங்க உக்காந்தவன் நான். ஆறாவதுக்குப் பல்லாவரம் போனேன். முதல் நாள், பேரை இங்கிலீஷ்ல எழுதுன்னாங்க. 'எம்' போட்டேன். அதுக்கு அப்பறம் என்ன வரும்னு தெரியல. கிளாஸே சிரிச்சுது. இன்னைக்கு வரைக்கும் பேங்க்ல ஃபாரம் குடுத்தா மடிச்சுப் பையில வச்சுட்டு வந்துடறேன். பெயிண்ட் கம்பெனிக்காரன் மீட்டிங்குக்குக் கூப்பிட்டா கடைசி வரிசைல போய் உக்கார்றேன். என் பொண்ணு அப்படி உக்காரக் கூடாது."

பதினோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இதை அவன் சொன்னதே இல்லை. ஃபாரம் எல்லாவற்றையும் தன்னிடம் கொடுத்து எழுதச் சொல்வது சோம்பேறித்தனத்தால்தான் என்று அவள் நினைத்திருந்தாள்.

மெதுவாகக் கேட்டாள்: "அப்ப உங்க ஸ்கூல்ல எத்தனை வாத்தியார்?"

"ஒருத்தர். அஞ்சு கிளாஸுக்கும் ஒரே ஒருத்தர். அவரும் பாதி நாள் ஆஃபீஸ் வேலைன்னு தாம்பரம் போயிடுவாரு. நாங்க வேப்ப மரத்தடியில விளையாடிட்டு இருப்போம்."

"அதத்தாங்க நான் தடுக்கப் பாக்கறேன்."

மகேஷ் ஜன்னல் பக்கம் திரும்பினான். ஒலிபெருக்கி தெருவில் பாடிக்கொண்டிருந்தது. ஆணியில் மாட்டியிருந்த பைக் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான். கோபமா, யோசனையா என்று முதுகைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. டீயில் ஆடை படிந்தது.

திரும்பினால், அறை வாசலில் நிஷா.

"அம்மா, என்னை ஸ்கூல் மாத்தப் போறியா?"

"இன்னும் முடிவு பண்ணல. இங்க வா."

நிஷா வரவில்லை. கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"உன் ஸ்கூல் நல்ல ஸ்கூலா?"

"நல்ல ஸ்கூல்தான்."

"அப்ப ஏன் முன்னாடியே என்னைச் சேக்கல?"

பத்து வயதுகூட ஆகாத பெண்ணுக்கு எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வேன், சிநேகிதிகள், பாடத் திட்டம் என்று வாய்க்கு வந்ததெல்லாம் இருந்தன. துர்காவுக்கு இன்றைக்கு இன்னொரு பொய் சொல்லத் தெம்பு இல்லை.

"பயம்" என்றாள்.

"எதுக்கு?"

"எங்க ஸ்கூல் மேல எனக்கே முழு நம்பிக்கை இல்ல போல. மத்தவங்க பிள்ளைங்கன்னா பாத்துக்கலாம்னு நினைச்சேன். நீன்னதும் பயந்துட்டேன்."

"இப்ப பயம் போயிடுச்சா?"

"இல்ல."

நிஷா அதை யோசித்தாள். பிறகு மெல்ல வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் வரமாட்டேன்னு சொன்னா?"

"கட்டாயப்படுத்த மாட்டேன்."

"அப்ப அந்த ஜெரூஷா மிஸ்?"

"வேற ஊருக்குப் போயிடுவாங்க."

"அது எப்படி என்னால ஆகும்? நான் ஒண்ணுமே பண்ணலையே!" நிஷாவின் கண் நிறைந்துவிட்டது. துர்கா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள். உன்னால் இல்லை, உன்னால் இல்லவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். யாரால் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை.

ஏழு மணிக்குக் கைப்பேசி அடித்தது. மகேஷாக இருக்கும் என்று எடுத்தாள். கன்னியம்மா.

"டீச்சர், நான்தான். மெதுவாப் பேசறேன், கேக்குதா? உங்க வூட்டுக்காரர் வந்துகிறாரு."

"எங்க? உன் வீட்டுக்கா?"

"ஆமா. வாசல்ல உக்காந்துகினு கீறாரு. விஷ்ணுப்ரியாவ நாளைக்கே உங்க இஸ்கூல்ல சேத்துடுன்றாரு. சேத்தா, மெயின் ரோட்டுல அவர் கடை ஓரமா நெழல்ல எனக்கு மீன் விக்க எடம் வுடறேன்றாரு. தகர ஷீட்டு போட்டுத் தரேன்றாரு. போலீஸ்காரன் தொரத்த மாட்டான், வெயில் இல்ல, நல்ல எடம்தான் டீச்சர். பொய் சொல்லக் கூடாது, எனக்கு ஆசையாத்தான் கீது."

துர்கா கைப்பேசியைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள்.

"'அப்ப உங்க பொண்ணு?'ன்னு கேட்டேன். தலையக் குனிஞ்சுகினாரு. ஒண்ணியும் சொல்லல." கன்னியம்மா குரலை இன்னும் தணித்தாள். "மத்தியானம் சத்தியம் பண்ணது உங்களாண்ட. அதான் உங்களையே கேக்கறேன். நான் சரின்னு சொல்லட்டா, வேணாமா?"

ஒரு சரி. அதோடு முடிந்துவிடும். அறுபத்தொன்று ஆகிவிடும். ஜெரூஷா இருப்பாள். ஒன்றாம் வகுப்பில் பேருந்து ஓடும். நிஷாவின் டை அவள் கழுத்திலேயே இருக்கும். யாரும் எதையும் இழக்கப்போவதில்லை. கன்னியம்மாவுக்குக்கூட நிழல் கிடைக்கும். பத்து மணிக்கு சிட்டிபாபு வந்து எண்ணிவிட்டுத் திருப்தியாகக் காபி குடித்துவிட்டுப் போவார். மகேஷ் கெட்டவன் இல்லை. அவனுக்குத் தெரிந்த வழியில் அவளுக்கு உதவத்தான் போயிருக்கிறான். தன் பெண்ணைக் காப்பாற்றிக்கொள்ளவும்.

நிஷா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னியம்மாவின் குரல் அந்தச் சின்ன அறையில் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"டீச்சர்? லைன்ல கீறீங்களா?"

"இருக்கேன். போனை அவர்கிட்ட குடு, கன்னியம்மா."

கை மாறும் சத்தம். பிறகு மகேஷின் மூச்சு.

"துர்கா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளு..."

"பேரம் எதுவும் பேசாம அங்கயே இருங்க" என்றாள் துர்கா. "நானும் நிஷாவும் வர்றோம்."